லூமியனில் பெய்யும் மழை

லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் படிக்கும் பிள்ளைகளுக்கு இப்போது மண்வெட்டி தேவையில்லை. நல்ல கிராபிக்ஸ் கார்டும் மூன்று மென்பொருள்களும் போதும். ஆட்டோகேடில் கோடு, ஸ்கெட்ச்அப்பில் மேடு, லூமியனில் மரம். சொடுக்கினால் நிழலோடு முளைக்கும். சருகு கூட்ட வேண்டாம். மழையும் உண்டு. ஸ்லைடரை இழுத்தால் பெய்யும், சாலை பளபளக்கும், ஒரு சொட்டு வீட்டுக்குள் வராது.

சென்னை மேடவாக்கத்து மழைக்கு ஸ்லைடர் கிடையாது. சுற்றுவட்டார ஏரிகள் நிரம்பினால், 2022-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குத்தான் தண்ணீர் கிளம்பும். வழியில் யார் வீட்டு ஹாலாவது இருந்தால் சற்று இளைப்பாறும்.

மாணவரின் கோப்பில் அந்தச் சதுப்பு நிலம் ஒரு நீல லேயர். பார்க்கிங்குக்கு இடம் பற்றாவிட்டால் ஆஃப் செய்துவிடலாம். பாவம், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. மனைப்பிரிவு போட்டவர்கள் அதை மௌஸே இல்லாமல் செய்து முடித்தவர்கள்.