குத்து மூங்கில் மறைப்பியல்: சின்னக்கானலை முன்வைத்து ஓர் ஆய்வு

மறைப்பு என்பது யாதெனின், நாம் பிறரைப் பார்க்கலாம், பிறர் நம்மைப் பார்க்கலாகாது என்னும் நிலை. இலக்கணம் சொன்னபின் எடுத்துக்காட்டு காட்டுவது மரபாதலின், கேரளத்து இடுக்கி மாவட்டத்துச் சின்னக்கானலை இங்குக் காட்டுவோம்.

கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலையையொட்டி மூணாறுக்கும் போடிமெட்டுக்கும் நடுவே உள்ள ஊர் இது. இங்குள்ள சரிவுகளில் தேயிலைச் செடி இடுப்புக்கு மேல் வளர விடப்படுவதில்லை. எனவே இந்தச் சரிவில் வீடு கட்டியவரின் கொடியில் என்ன காய்கிறது என்பது எதிர்ச்சரிவுக்காரருக்கு மனப்பாடம். சுவரோடு சுவர் ஒட்டிய தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் இதை ஒரு குறையாகவே கருதவில்லை. குறையென்று கண்டுபிடித்தவர்கள் ரிசார்ட் கட்ட வந்தவர்கள். மலையைப் பார்க்க ஆசைப்பட்டு வந்து, மலை தங்களைப் பார்க்கிறதே என்று கூசி, மூங்கில் வேலி கேட்டார்கள்.

மூங்கில் புல்லா, மரமா என்ற வழக்கை முதலில் முடித்துவிட வேண்டும். வெளியே வைரமுடையது புல், உள்ளே வைரமுடையது மரம் என்று தொல்காப்பிய மரபியல் வகுத்துவிட்டது. இக்காலத் தாவரவியலும் மூங்கிலைப் புற்குடும்பத்தில்தான் வைத்திருக்கிறது. 1927ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டம் மட்டும் அதை மரம் என்றது. 2017இல் திருத்தம் வந்து மூங்கில் மறுபடி புல்லாயிற்று. தொண்ணூறு ஆண்டுக்காலம் மூங்கில் இதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

வேலிக்காரர் அறியவேண்டிய பிரிவு வேறு. ஓடு மூங்கிலின் கிழங்கு மண்ணுக்கடியில் நீளப் பாய்ந்து அடுத்தவர் தோட்டத்தில் தலைகாட்டும். மறைப்புக்காக வைத்தது வழக்கில் முடியும். குத்து மூங்கில் தூர்விட்டு, இருந்த இடத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாக அகலும். நம் நாட்டு மூங்கில்களில் பெரும்பாலானவை இந்த அடக்கமான சாதி. அவற்றிலும் முள்மூங்கில் வீட்டோரத்துக்கு ஆகாது. முள்ளும் பருமனும் ஒருபுறமிருக்க, பல பத்தாண்டு கழித்து ஒருமுறை பூத்து, குத்தோடு செத்துப்போகும். மிசோரத்தில் வேறொரு மூங்கில் 1959இலும் 2007இலும் கூட்டமாகப் பூத்து, விதை தின்ற எலிகள் பெருகி, வயலும் களஞ்சியமும் காலியான கதையை இங்கு விரித்தால் கட்டுரை வேலி தாண்டிவிடும். சின்னக்கானல் குளிருக்குத் தோதானது பாம்புசா மல்டிபிளெக்ஸ் என்னும் வேலி மூங்கில். முள் கிடையாது. அடியிலிருந்தே இலையடர்ந்து நிற்கும். இரண்டு ஆள் உயரத்துக்குச் சாதாரணமாக வரும்.

நடுவதற்கு ஜூன் மழைத் தொடக்கம் ஏற்ற காலம். கிழங்கோடு பெயர்த்த பக்கக்கன்றை மூன்று நான்கு அடிக்கு ஒன்றாக, தொழுவுரம் இட்டு வைக்க வேண்டும். முதல் இரண்டு கோடை தண்ணீர் காட்டினால் போதும். பிறகு நாம் செய்யவேண்டியதைவிடச் செய்யக்கூடாதவையே அதிகம். உதிரும் இலையைக் கூட்டித் தள்ளக்கூடாது. அதுவே மூடாக்கு, அதுவே எரு. அடிக்கிளையைக் கழிக்கக்கூடாது, கழித்தால் முகம் மறையும், கால் தெரியும். குருத்து வரும் மழைமாதங்களில் கழி வெட்டக்கூடாது. மூன்று வயது தாண்டிய கழிகளை மட்டும், அதுவும் குத்தின் நடுவிலிருந்து, வறண்ட காலத்தில் எடுக்க வேண்டும். மூங்கில் பிறக்கும்போதே தன் பருமனோடு பிறக்கிறது. சில மாதங்களில் முழு உயரத்தை எட்டிவிடுகிறது. அதன்பின் ஒரு விரற்கடைகூட வளர்வதில்லை. நுனியை வெட்டிவிட்டால் அந்தக் கழி ஆயுளுக்கும் அதே உயரந்தான். இந்த ஒரு செய்தி தெரியாமல் கத்தரிக்கோல் பிடித்தவர்களால் கெட்ட வேலிகள் பல.

இனி மறுதலைக் கூற்று. வேலி யாரை மறைக்க? மனிதரை. யாரை அழைக்க? இங்கேதான் ஆய்வு தடுமாறுகிறது. சின்னக்கானலும் அருகிலுள்ள ஆனையிறங்கலும் யானைகளின் வழக்கமான நடமாட்ட நிலம். யானைக்கு மூங்கில் விருப்ப உணவு. வளர்ந்த யானை நாளொன்றுக்குச் சுமார் 150 கிலோ தீனி எடுக்கும். அரிசி ருசி கண்டு பன்னியாறு ரேஷன் கடையைப் பலமுறை உடைத்த அரிக்கொம்பன் என்னும் யானையை 2023 ஏப்ரல் 29 அன்று இங்கிருந்துதான் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். அவன் அங்கிருந்து இறங்கிக் கம்பம் ஊருக்குள் நடந்தான். ஜூன் 5 அன்று தமிழ்நாட்டு வனத்துறை பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனது. பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்த அரிசியையே தேடியெடுத்த இனத்தின் வழியில், பூட்டில்லாத பச்சைத் தீனியை வரிசையாக நட்டு அதற்கு வேலி என்று பெயர் வைப்பதை எந்தத் தருக்கநூலும் ஏற்காது. மூங்கிலைக் காக்க அதற்கு வெளியே சோலார் மின்வேலி போடலாம் என்பார் உளர். அப்போது காவலுக்கு வேலி, வேலிக்குக் காவல் என்று கணக்கு முடிவின்றிப் போகும்.

ஆகவே தீர்ப்பு: யானை வராத ஊர்க்காரர்கள் வரும் ஜூனில் தாராளமாகக் குத்து மூங்கில் வைக்கலாம். சின்னக்கானல்காரர்கள் ஜன்னலுக்கு நல்ல கெட்டித் துணியில் திரைச்சீலை வாங்கிக்கொள்வது உத்தமம். யானை அதைத் தின்றதாக இதுவரை சான்று கிடைக்கவில்லை.