தண்ணீர் அரைத்த மாவு

கே: ஆற்றுத் தண்ணீரில் சுற்றும் மாவு மில் வடக்கே உண்டாமே, நம் பாலாற்றங்கரையில் ஏன் இல்லை? (செங்கல்பட்டு வாசகி)

ப: நாம் சோறு தின்கிறவர்கள். நெல் குத்த உரலும் உலக்கையும், இட்லிக்கு ஆட்டுக்கல்லும் போதும். தினமும் ரொட்டி சுடுகிற ஊருக்குத்தான் மூட்டை மூட்டையாக மாவு வேண்டும். தவிர, பாலாறு வருஷத்தில் பெரும்பாலான நாள் வெறும் மணல். உத்தரகாண்டில் வற்றாத ஓடையும் நல்ல இறக்கமும் இருப்பதால், அங்கே ‘கராட்’ என்ற நீர்த் திருகை மலைக் கிராமங்களில் நிறைய.

அதில் எனக்குப் பிடித்தது ஒரு குச்சி. தானியக் கூடையிலிருந்து நீண்டு, சுற்றும் மேல்கல்லைத் தொட்டபடி தடதடவென ஆடிக்கொண்டிருக்கும். அந்த ஆட்டத்தில்தான் தானியம் கல்லின் குழிக்குள் விழும். கல் வேகமாகச் சுற்றினால் தானியமும் வேகமாக விழும். நின்றால் தானியமும் நின்றுவிடும்.

கே: பழைய நீர்த் திருகை ஒன்றைப் பார்க்க எங்கே போகலாம்?

ப: ஔரங்காபாத், இன்றைய சத்ரபதி சம்பாஜிநகர். காம் ஆற்றோரம் பாபா ஷா முசாஃபிர் தர்காவில் ‘பன்சக்கி’ இருக்கிறது. அங்கே தங்கியவர்களுக்கு மாவு அரைத்துக் கொடுத்த திருகை அது. தண்ணீர் பக்கத்து ஆற்றிலிருந்து வரவில்லை. தொலைவில் உள்ள ஊற்றிலிருந்து மண்குழாய் வழியாக வந்து, உயரமான சுவரில் ஏறி, தொட்டியில் கொட்டுகிறது. அந்தத் தொட்டியின் அடித்தளம்தான் கீழே உள்ள கூடத்துக்குக் கூரை. தலைக்கு மேல் தண்ணீர் நிற்பதால் கோடையிலும் கூடம் குளுகுளுவென்றிருக்கும்.

கே: தமிழ்நாட்டில் ஒன்றுகூடவா இல்லை?

ப: மாவுக்கு இல்லாவிட்டால் என்ன, நூலுக்கு இருந்ததே! ஹார்வி சகோதரர்கள் 1885-ல் பாபநாசத்தில் பஞ்சாலை வைத்தது தாமிரபரணி விழுகிற வேகத்தை நம்பித்தான். இரண்டு பருவமழையும் ஊட்டுகிற ஆறு அது. அதே பாபநாசத்தில் 1944-ல் நீர்மின் நிலையமும் வந்தது.

கே: பழைய திருகையைச் செப்பனிடுவதில் எது கஷ்டம்?

ப: கல் தேய்ந்தால் கொத்திவிடலாம். ‘அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ’ என்று தெருவில் குரல் கொடுத்தவர்களின் அதே கைவேலைதான். மரச் சக்கரத்துக்குப் பதில் இரும்புத் தகடும் பால் பேரிங்கும் போட்டு, பகலில் மாவும் இரவில் மின்சாரமும் எடுக்கிற கராட்டுகள்கூட வந்துவிட்டன. தண்ணீர் வரும் வழிதான் பெரும்பாடு. வாய்க்கால் தூர்ந்தாலோ, குழாய் உடைந்தாலோ, மேலே யாராவது தண்ணீரைத் திருப்பிக்கொண்டாலோ எவ்வளவு அழகாகச் செப்பனிட்ட சக்கரமும் பொம்மைதான். செலவழிக்கும் முதல் ரூபாய் வாய்க்காலுக்குப் போக வேண்டும் என்பேன்.

கே: பொத்தேரி ஏரி மதகில் ஒரு சக்கரம் வைத்தால்? (கல்லூரி மாணவர், பொத்தேரி)

ப: கணக்குப் போடுவோம். நொடிக்கு 100 லிட்டர் தண்ணீர் 2 மீட்டர் விழுந்தால் சுமார் 2 கிலோவாட். சாதாரண மரச் சக்கரம் அதில் பாதியைப் பிடித்தாலே அதிகம். மாவு மில்லின் 10 எச்.பி. மோட்டாருக்கு ஏழரை கிலோவாட் வேண்டும். ஏரி மதகில் கிடைப்பதோ சில அடி இறக்கம், அதுவும் மழை பெய்து ஏரி நிரம்பினால்! ஆனாலும் கேட்டீர்களே, அது எனக்குச் சந்தோஷம். ஐப்பசி மழை ஓய்ந்ததும் நண்பர்களோடு போய், ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாய் எங்கே தொடங்குகிறது, எங்கே அடைபட்டிருக்கிறது என்று நடந்து பார்த்து எனக்கு எழுதுங்கள்.