வால்விலக்கணம்

வால்வு, இலக்கணம் என்ற இரண்டும் புணர்ந்து வால்விலக்கணம் ஆயிற்று. வால், விலக்கணம் என்று பிரித்து விளக்கம் கேட்பவர் இந்நூலுக்கு உரியவர் அல்லர். அவர் கையில் ஸ்க்ரூடிரைவர் கொடுப்பதும் தகாது.

பாயிரம் சொல்லாமல் தொடங்கினால் புலவர் கோபிப்பர். ஆகவே சுருக்கமாக: எல்லை, வடக்கே சேர்வராயன் மலை, தெற்கே செவ்வாய்ப்பேட்டை, நடுவே கொண்டப்பநாயக்கன்பட்டி, கிழக்கும் மேற்கும் கோயில் குழாய் ஸ்பீக்கரின் ஓசை எட்டும் தூரம். நுதலிய பொருள், பழைய வால்வு ஆம்ப்ளிஃபையரை வாங்கி மின்கிட்டாருக்கு ஏற்பத் திருத்துவது. கேட்போர், தோளில் கிட்டாரும் சட்டைப்பையில் கொஞ்சம் பணமும் உடையோர். பயன், வீடுபேறு அன்று, வீட்டைவிட்டு விரட்டப்படாமை.

இவ்வெல்லைக்கு வால்வு புதிதும் அன்று. ஏற்காட்டுச் சாலையில் வளைவு மட்டும் மிஞ்சி நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ், டி. ஆர். சுந்தரம் 1930-களில் நிறுவியது. நூறு படத்துக்கு மேல் எடுத்தது. அக்காலப் படங்களின் பேச்சும் பாட்டும் வால்வுக்குள் புகுந்து வெளியே வந்தவையே.

இனி எழுத்தியல். வால்வின் பெயரை இடுகுறி என்பர் அறியாதார், அது காரணப்பெயர். ஈஎல்34 என்பதில் ஈ, இழையைச் சூடேற்ற 6.3 வோல்ட் வேண்டும் என்பதைக் குறிக்கும். எல், ஆற்றல் தரும் பென்டோடு. 3 என்று தொடங்கினால் எட்டுக்கால் அடி. 8 என்று தொடங்கினால் ஒன்பது கால். ஈசிசி83-இல் சி இரட்டித்தது, ஒரே கண்ணாடிக்குள் இரண்டு டிரையோடு இருப்பதால். இதையே அமெரிக்கர் 12ஏஎக்ஸ்7 என்பர். ஒருபொருள் குறித்த இருசொல் என்று தெரியாதவன் இரண்டையும் வாங்குவான்.

807 மட்டும் தனிப்பிறவி. 1936-இல் பிறந்த 6எல்6-இன் டிரான்ஸ்மிட்டர் வடிவம். தலையில் உலோகக் குடுமி. ஆனோடின் இணைப்பு அக்குடுமியில்தான். அங்கே நூற்றுக்கணக்கில் வோல்ட். குடுமியைத் தொட்டுப் பார்த்து எழுதிய உரை எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை.

அடுத்தது பொருளியல். விற்பனைக்கு வருபவை அயல், நாடு என இருவகை. அயல் என்பது ஃபெண்டர், மார்ஷல் போல்வன. அமெரிக்கத்தது பெரும்பாலும் ஏறத்தாழ 120 வோல்ட்டுக்குரியது. நம் 230-இல் நேரே செருகினால் முதல் பாட்டே முகாரி. நாடு என்பது மைக் செட்காரர் வீட்டுப் பரண்மேல் கிடப்பது. 1940-இல் தில்லியில் தொடங்கிய அஹூஜாவின் பெயரைத் தாங்கியிருக்கலாம். உள்ளே பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் செய்த வால்வும் இருக்கலாம்.

இரண்டும் பங்காளிகள் என்பதை இளைஞர் நம்புவதில்லை. மேற்கு லண்டனில் டிரம் விற்ற ஜிம் மார்ஷல் கடையில் 1962-இல் உருவான முதல் ஆம்ப்ளிஃபையர், ஃபெண்டர் பாஸ்மேனைப் பார்த்துச் செய்தது. சில ஆண்டில் அதில் ஈஎல்34 குடியேறியது. கூட்டத்தில் பேசுவோருக்கென்று செய்த போகன், மாஸ்கோ (Masco) கம்பெனிப் பெட்டிகளை அமெரிக்கரே கிட்டாருக்கு மாற்றிக்கொள்கிறார்கள். அம்மன் பாட்டுப் பாடிய பெட்டி ராக் வாசித்தால் மட்டும் தீட்டாகிவிடுமா?

பெட்டியின் நிலை மூன்று: பாடுவது, உறுமுவது, ஊமை. பாடிக்கொண்டே செத்தது என நான்காவதும் உண்டு, இலேசினால் கொள்க. விற்பவர் வாய்மொழி ஒன்றே வகை.

“எங்கப்பா காலத்துல இதப் போட்டா மல மேல கேக்குமுங்க தம்பி.”

“இப்பப் போட்டுக் காட்டுங்கண்ணா.”

“கரண்டு போயிருச்சுங்களே.”

கரண்டு வரும்வரை உட்கார்ந்திருப்பவனே வாங்கத் தகுந்தவன். வால்வு தேடினால் கிடைக்கும், கண்டென்சர் கிடைக்கும். டிரான்ஸ்ஃபார்மர் எரிந்திருந்தால் காயில் கட்டித்தான் ஆகவேண்டும். எனவே விலையை டிரான்ஸ்ஃபார்மருக்குப் பேசுக; மற்றதெல்லாம் கொசுறு.

திருத்தியல்தான் இந்நூலின் உயிர். திருத்தம் மூன்று, பெயர்களைச் சுவடிக்காரரிடம் கடன் வாங்கினேன்.

முதலாவது ஏடு காத்தல். எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர் பல்லாண்டில் உள்ளே உலர்ந்துவிடும்; அதனால்தான் உறுமல். மெழுகுக் காகிதக் கண்டென்சர் கசிந்தால் அடுத்த வால்வின் தகடு செக்கச் செவேலென்று பழுக்கும். அது அழகு என்று பார்த்துக்கொண்டிருந்தவர் வால்வை இழந்தார். பவர் கார்டின் இரண்டு வயரை எடுத்துவிட்டு எர்த்தோடு மூன்று வயர் போடுக. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் 400 வோல்ட் கண்டென்சருக்குள் குந்தியிருக்கும்; ரெசிஸ்டன்ஸ் வழியாக அதை வடித்து, மீட்டரில் பார்த்த பிறகே கை வைக்க. பழக்கம் இல்லாதவர் மெக்கானிக்கிடம் கொடுக்க. இதில் நகைச்சுவை இல்லை.

இரண்டாவது பாடபேதம். மைக் செட்டுக்குச் சொல் தெளிவாகக் கேட்கவேண்டும். கிட்டாருக்குக் கொஞ்சம் கரகரப்பு வேண்டும். முதல் வால்வின் கேத்தோடில் உள்ள 25 மைக்ரோஃபேரடு கண்டென்சரை 0.68 ஆக்கினால் அடித்தொண்டை இளைத்து மேல்குரல் முன்னால் வரும். எதிர்ப்பின்னூட்டக் கம்பியைக் கழற்றினால் முரட்டுத்தனம் கூடும். மைக் நுழையும் இடத்தில் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் கிட்டாருக்கு அதை விலக்கி ஒரு மெகஓம் கொடுக்க. குழாயைக் கழற்றி 12 அங்குல ஸ்பீக்கரை அதன் ஓம் பொருந்தும் முனையில் சேர்க்க; 100 வோல்ட் முனை கோயில் குழாய்களுக்கு, உனக்கன்று. ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். ஒருமுறைக்கு ஒரு பாடம் மாற்றி, வாசித்துப் பார்த்து, பழையதைக் குறித்துவைப்பது பதிப்பாசிரியர் மரபு.

மூன்றாவது இடைச்செருகல். நன்றாகப் பாடுவதை மேலும் நன்றாகப் பாடவைக்க எண்ணிப் புதிதாக ஒரு வால்வைச் செருகுவது. பெட்டி கொய்ங் என்று கத்தும். அதை அடக்க இன்னொரு கம்பி. அதற்கு ஒரு ஓட்டை. உ. வே. சாமிநாதையர் ஏடு தேடி ஊர் ஊராய் அலைந்தார். அகப்பட்ட ஏட்டில் தம் பாட்டைச் செருகவில்லை. இந்நூலாசிரியருக்கு அந்த அடக்கம் இல்லை. தாம் வாங்கிய முதல் பெட்டியின் சேஸிஸில் மூன்று ஓட்டை போட்டார். ஒன்றில் பல்லி முட்டையிட்டது. மற்ற இரண்டும் எதற்கு என்று அவருக்கே மறந்துவிட்டது.

எனவே முதலாவதைக் கட்டாயம் செய்க. இரண்டாவதைக் கஞ்சத்தனமாகச் செய்க. மூன்றாவது தோன்றினால் சால்டரிங் அயர்னை அணைத்துவிட்டுக் கிட்டாரை எடுக்க.

புறனடை: பொது இடத்தில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு விதி. மற்றொன்று, இவ்வெல்லைக்குள் ஆடி மாதம் முழுவதும் எந்தக் கிட்டாரும் கேட்காது.