சீட்டுக் கட்டி ஓட்டுங்கள்

கேள்வி: ஸ்பான்சர் சிக்காவிட்டால் கார் பந்தயத்துக்குப் பணம் புரட்டுவது எப்படி? (ஒரு வாசகர், காந்திகிராமம்)

பதில்: ஊர்ப் பெயருக்கேற்றபடி சிக்கனத்தில் தொடங்குவோம். கோவை கரிவரதன் 1980களின் இறுதியில், மாருதி 800 இன்ஜினை ஒற்றை இருக்கை வண்டியில் பூட்டி 'ஃபார்முலா மாருதி'யை உருவாக்கினார். காய்கறி வாங்கப் போகும் காரின் இன்ஜின்; உதிரிபாகத்துக்குக் கப்பல் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். வேகம் குறையுமே என்றால், குறையும்தான். எல்லோருக்கும் ஒரே இன்ஜின் என்பதால் ஜெயிப்பது பர்ஸ் அல்ல, கை. அதில் ஓட்டத் தொடங்கிய நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன்னையே எட்டினார். "அவர்களெல்லாம் வசதியானவர்கள்" என்பீர்கள். நியாயம். அதனால்தான் நாலு பேராகச் சீட்டுக் கட்டி, பழைய வண்டி ஒன்றை வாங்கி, முறைவைத்து ஓட்டச் சொல்கிறேன். மற்ற நாளில் வாடகைக்கு விட்டால் டயர் செலவு கொஞ்சம் தேறும். முட்டினால் யார் கொடுப்பது என்பதை மட்டும் முன்பே பத்திரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.