கூட்டுவதா, குறைப்பதா?

கேள்வி: கேமிங் லேப்டாப்பின் பிராசஸரை முதன்முறையாக ஓவர்கிளாக் செய்யப்போகிறேன். எங்கே தொடங்கலாம்?

பதில்: மின்விசிறியில் படிந்த தூசியில். சிப் செலவழிக்கும் மின்சாரம் வேகத்துக்கு நேர்விகிதத்திலும், வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பவும் ஏறும். இரண்டையும் 10 சதவீதம் கூட்டினால் செலவு 33 சதவீதம் எகிறும். அத்தனையும் வெப்பம். இன்டெல் லேப்டாப் சிப்கள் பலவும் 100 டிகிரியைத் தொட்டதும் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நீங்கள் கூட்டியதை அந்தக் குறைப்பு கழித்துவிடும். 'டெஸ்க்டாப்காரர்கள் செய்கிறார்களே' என்பீர்கள். அவர்களிடம் செங்கல் பருமனில் ஹீட்சிங்க் இருக்கிறது. உங்கள் பெட்டியே அவ்வளவு தடிமன் இல்லை. ஆகவே, பயாஸ் அனுமதித்தால் வோல்டேஜைப் பத்துப்பத்து மில்லிவோல்ட்டாகக் குறைத்துப் பாருங்கள். (2019-இல் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டபின் பல லேப்டாப்களில் அந்தக் கதவுக்கும் பூட்டு.) 'இது ஓவர்கிளாக்கே இல்லையே' என்றால், வாஸ்தவம்தான், ஆனால் சூடு தணிந்த சிப் டர்போ வேகத்தில் நெடுநேரம் நிற்கும். நீங்கள் கேட்டது வேகமா, பட்டமா?