ஜாடிக்குள் யார்?

கேள்வி: 'எல்டன் ரிங்' வீடியோ கேமின் கூடுதல் பாகத்தில் சாதாரணச் சிப்பாய்கூட என்னைப் போட்டுத் தள்ளுகிறான். காசு கொடுத்து அடி வாங்குவது நியாயமா?
– வாசகர் ஒருவர், கருவேப்பிலங்குறிச்சி

பதில்: மூலப் பாகத்தின் பாஸ்களான ராடானையும் மோக்கையும் சாய்த்தவரைத்தான் உள்ளேயே விடுகிறார்கள். ஆனால் அந்தப் பெருமை அங்கே செல்லாத நோட்டு. வழியெல்லாம் கிடக்கும் ஸ்காடுட்ரீ துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்தால்தான் உங்கள் வெட்டு வெட்டாகும். 2024 ஜூன் 21-ல் இந்தப் பாகம் வெளியானபோது ஊர் உலகமே இப்படித்தான் புலம்பியது. ஒரே வாரத்துக்குள் கேமை உருவாக்கிய ஃப்ரம்சாஃப்ட்வேர் அந்தத் துண்டுகளின் பலனைக் கூட்டிவிட்டது. அதனால் பாஸோடு மோதுமுன் கொஞ்சம் ஊர் சுற்றுங்கள்.

எனக்குச் சண்டையைவிட ஜாடிகள்தான் பிடித்தன. மூலப் பாகத்தில் அலெக்சாண்டர் என்ற ஜாடி வீரர் மண்ணில் சிக்கிக்கொண்டு, பின்னாலிருந்து ஓங்கி அடித்து விடுவிக்கச் சொல்வார். சிரிப்பு வரும். கூடுதல் பாகத்திலோ சிறையில் ஆட்களை வெட்டி ஜாடிக்குள் திணித்திருக்கிறார்கள். உடைந்தால் சதைப்பிண்டம் தவழ்ந்து வருகிறது. ஆதிச்சநல்லூரில் அந்தக் காலத்து நம்மவர்கள் செத்தவரைத்தான் தாழியில் வைத்தார்கள், அதுவும் மரியாதையாக!

ஜாடிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன்: விருத்தாசலம் பீங்கான் உங்களுக்குக் கூப்பிடு தூரம். ஒரு பொம்மை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கூடுதல் பாகத்து பாஸ் மெஸ்மர் ஈட்டியோடு வரும்போது கோபத்தில் எறிய, கன்ட்ரோலரைவிட மலிவு.