கண் மட்டும் பாக்கி

என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே ராஜ காரியம், தஞ்சாவூர் ஓவியம் ஒன்றுக்கு முழுப் பணத்தையும் முதலிலேயே கொடுத்ததுதான்.

"பாதி இப்ப கொடுங்க சார், மீதியைப் படம் வாங்கறப்ப கொடுத்தாப் போதும்" என்றுதான் அந்த ஓவியர் சொன்னார். மொத்தம் 22,000 ரூபாய். நான்தான், "கலைஞர்கிட்ட கணக்குப் பார்க்கக் கூடாது தம்பி" என்று ஒரு வசனம் பேசிவிட்டு, மொத்தத்தையும் ஃபோனில் தட்டி அனுப்பினேன். அந்த ஒரு நிமிஷம் எனக்குள் தஞ்சாவூரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். வாசலுக்கு வந்து ஆட்டோக்காரரிடம் இருபது ரூபாய்க்குப் பேரம் பேச ஆரம்பித்ததும்தான் எழுந்து போனார்.

மாம்பலத்தில் நாங்கள் வாங்கியிருந்த புது ஃப்ளாட்டுக்கு ஆவணியில் கிரகப்பிரவேசம். கூடத்துச் சுவரில் மாட்ட இரண்டடிக்கு ஒன்றரையடியில் வெண்ணெய்த்தாழிக் கிருஷ்ணர். ஆனி மாதம் பணம் கொடுத்தோம். 45 நாளில் படம் கையில் இருக்கும் என்றார் தம்பி. எந்த வருஷத்து 45 நாள் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

ஆடி பிறந்தது. ஆடியில் நல்ல காரியம் எதையும் தொடங்குவதில்லையாம். அதாவது, இன்னும் தொடங்கவே இல்லை! ஆவணியில், மளிகைக் கடைக்காரர் கொடுத்த காலண்டர் கிருஷ்ணரை ஆணியில் தொங்கவிட்டுப் பால் காய்ச்சினோம். புரட்டாசியில் தங்க ரேக்கு வரவில்லை. 22 கேரட் ரேக்கு, மட்டமானதை ஒட்டினால் கறுத்துப்போகும் என்றார். நியாயம்தானே என்று நானே அவருக்காக வீட்டில் வாதாடினேன்.

ஐப்பசியில் ஃபோன் செய்தபோது, "மக்கு வேலை நடந்துட்டிருக்கு சார்" என்றார்.

அதன் அர்த்தம் பிற்பாடுதான் தெரிந்தது. பலகையில் துணி ஒட்டி, அதன்மேல் சுண்ணமும் பசையும் பூசித் தேய்த்து, படம் எழுதி, கற்களைப் பதித்து, நகைகளும் தூணும் மண்டபமும் மேடேறித் தெரிய ஒரு பசைக் கலவையை வைப்பார்கள். அதற்குப் பெயர் மக்கு. அதன்மேல்தான் தங்க ரேக்கு ஒட்டுவது. அடைமழையில் மக்கு காயாது, காயாமல் ரேக்கு ஒட்டினால் எல்லாம் பாழ். அத்தனையும் உண்மை. ஆனாலும், "என்னங்க சொன்னார்?" என்று கேட்ட மனைவியிடம், "மக்கு வேலை நடக்குதாம்" என்று நான் சொன்னதும், அவள் என்னை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்து, "அதான் ஆனியிலேர்ந்து நடக்குதே" என்றாள்.

தை மாதம் அந்தப் பொன்னான செய்தி வந்தது. "எல்லாம் முடிஞ்சுது சார், கண் மட்டும் பாக்கி."

கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள். கண் வைத்தால்தான் படத்துக்கு உயிர் வந்ததாகக் கணக்கு. அதற்கு நல்ல நாள் பார்க்க வேண்டும். நான் உடனே தினசரி காலண்டரை எடுத்து, தையிலிருந்து வைகாசி வரை முகூர்த்த நாள் அத்தனைக்கும் சிவப்பு மையால் வட்டம் போட்டு, ஃபோட்டோ பிடித்து அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. ஊரில் எத்தனையோ பேருக்குக் கல்யாணம் ஆயிற்று. கிருஷ்ணருக்குக் கண் திறக்கவில்லை.

அத்தோடு தம்பி ஃபோன் எடுப்பதையும் நிறுத்திக்கொண்டார். எப்போதாவது அவர் அம்மா எடுப்பார். "குளிச்சிட்டிருக்கான் தம்பி" என்பார். காலை பத்துக்கும் குளியல், மாலை நாலுக்கும் குளியல். ஒரு நாள் இரவு ஒன்பதே முக்காலுக்கும் குளித்துக்கொண்டிருந்தார். காவிரியில் கூட அத்தனை தண்ணீர் வந்திருக்காது. வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தேன். சாட்சாத் தம்பியின் குரலே, "மாவு மில்லுங்க" என்றது.

இத்தனைக்கும் ஆள் தலைமறைவெல்லாம் இல்லை. காலை தவறாமல் வாட்ஸப்பில் ஸ்டேட்டஸ் வைப்பார். பெரிய கோயில் விமானம், குழந்தையின் பிறந்தநாள் கேக், "உழைப்பே உயர்வு." துப்பறியும் இலாகா மாதிரி நானும் என் மனைவியும் அவற்றைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்போம். ஒரு நாள் கேக்குக்குப் பின்னால், கேஸ் சிலிண்டர் மேல் சாய்த்து வைத்தபடி நம் கிருஷ்ணர் அகப்பட்டார். தங்கம் ஜொலிக்கிறது, தாழி இருக்கிறது, கையில் வெண்ணெய் உருண்டை கூட இருக்கிறது. முகத்தில் கண் இருக்க வேண்டிய இடம் இட்லி மாதிரி வழவழ என்று இருந்தது.

அலுவலக நண்பர் ஒருவர் எனக்கு ஆறுதல் சொன்னார். போப் இரண்டாம் ஜூலியஸ் தன் சமாதியைச் செதுக்கச் சொல்லி 1505இல் மைக்கேலாஞ்சலோவிடம் வேலை கொடுத்தாராம். அது முடிந்தது 1545இல். போப் 1513லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். நடுவில் அதே போப்தான் சிற்பியைப் பிடித்து, சிஸ்டைன் தேவாலய விதானத்தில் படம் எழுத ஏற்றிவிட்டார், அதனால் முழுப் பழியும் சிற்பி மேல் இல்லை. இருந்தாலும், போப்புக்கே அந்தக் கதி என்றால் மாம்பலத்துக்காரன் எம்மாத்திரம் என்று நண்பர் சொல்ல வந்தார். எனக்கு அந்தக் கதையில் 1513தான் மனதில் நின்றது.

அடுத்த ஆவணியில் தஞ்சாவூருக்கே போய்விடுவது என்று இருவரும் எழும்பூரில் உழவன் எக்ஸ்பிரஸ் ஏறினோம். ரயிலில் தூக்கம் வராமல் சரபோஜியையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். மனுஷருக்குக் கண் வைத்தியத்தில் பெரிய ஈடுபாடு. சிகிச்சைக்கு வந்தவர்களின் கண்களைப் படமாக எழுதி வைத்த குறிப்புகள் இன்றும் சரஸ்வதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. நோயாளிகளின் கண்ணைக் கூட அவருக்கு ஆட்கள் வரைந்து கொடுத்திருக்கிறார்கள். நான் கேட்டது நல்ல கண், அதுவும் இரண்டே இரண்டு.

விடிகாலை இறங்கி, காபி கூடக் குடிக்காமல் நேரே தம்பி வீட்டுக்குப் போனோம். தம்பி குளித்துக்கொண்டிருக்கவில்லை. பாயில் உட்கார்ந்து ஒரு லட்சுமிக்குப் புடவைக் கரை போட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க சார், வாங்கம்மா! இப்பத்தான் உங்களுக்குப் பேசணும்னு ஃபோனைக் கையில எடுத்தேன்."

ஃபோன் எதிர் ஜன்னலில் சார்ஜில் கிடந்தது.

விழுப்புரத்திலிருந்து ஒத்திகை பார்த்து வைத்திருந்த வசனமெல்லாம் அந்த அறையைப் பார்த்ததும் மறந்துபோயிற்று. சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைத்த பிள்ளையார், முருகன், ராமர் பட்டாபிஷேகம், இரண்டு சரஸ்வதி. ஒருவருக்கும் கண் இல்லை. ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் எங்கோ ஓர் ஊரில் ஒரு சரபோஜி ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"பத்து நிமிஷ வேலை சார்" என்றார் தம்பி. அம்மா கொண்டுவந்த காபியை நாங்கள் குடிப்பதற்குள் கிருஷ்ணரை மடியில் கிடத்திக்கொண்டார். மயிரிழை போன்ற ஒரு தூரிகை. மூச்சைப் பிடித்துக்கொண்டு வலது கண்ணின் மேல் கோட்டை இழுத்தார். கீழ்க் கோடு, கருவிழி, அதற்குள் கடுகளவு வெள்ளை. அவ்வளவுதான். அதுவரை பலகையாகக் கிடந்தது சட்டென்று என்னைப் பார்த்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், 14 மாதக் கோபம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. என் மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அடுத்து இடது கண். வளைவாக ஓர் இமைக்கோடு போட்டார். ஃபோன் அடித்தது.

தையிலிருந்து நான் அடித்து எடுக்காத அந்த ஃபோனை முதல் மணியிலேயே பாய்ந்து எடுத்தார். "இதோ வந்துட்டேண்ணே!" என்றார். எங்களிடம், "ஒரு நிமிஷம் சார்." வாசலில் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

பகல் சாப்பாட்டை அந்த அம்மாதான் போட்டார். வத்தக்குழம்பு. பிரமாதம், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். நாலு மணி, ஐந்து மணி, விளக்கு வைத்தாயிற்று. ராத்திரி ரயிலைப் பிடிக்க வேண்டும். என் மனைவி எழுந்து, அந்த அம்மாவிடம் பழைய போர்வை ஒன்று கேட்டு வாங்கி, படத்தைச் சுற்றினாள். "ஒரு கண்ணாவது கிடைச்சுதே, கிளம்புங்க" என்றாள்.

மாம்பலத்திலேயே சட்டம் போட்டு மாட்டினோம். இமைக்கோடு மட்டும் போட்ட இடது கண், மூடின கண் மாதிரியே இருக்கிறது. முதலில் பார்த்தவர் எதிர் வீட்டு மாமி. "அடடா! வெண்ணெயைத் திருடிட்டுக் கண்ணடிக்கிறான் பாருங்கோ! என்ன கற்பனை!" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அப்புறம் நாலாவது மாடி, அப்புறம் செயலாளர் வீடு, அப்புறம் அடுத்த தெரு. எல்லோருக்கும் கண்ணடிக்கும் கிருஷ்ணர் வேண்டும். நாலாவது மாடிக்காரர் என்னிடம் நம்பர் வாங்கி, அன்றைக்கே முழுப் பணத்தையும் அனுப்பிவிட்டாராம். நான் தடுக்கவில்லை.

போன வாரம் தம்பியிடமிருந்து தானாக ஒரு செய்தி வந்தது. "சார் சென்னை வரேன். இன்னொரு கண்ணை எப்ப வந்து போடட்டும்?"

மனைவியிடம் காட்டினேன். "வேண்டவே வேண்டாம்" என்றாள். இரண்டு நீல டிக் அவருக்குப் போயிருக்கும். பதில் போடவில்லை. மறுநாள் மூன்று தடவை ஃபோன் அடித்தது. மூன்றாவது தடவை என் மனைவி எடுத்தாள்.

"அவர் குளிச்சிட்டிருக்கார் தம்பி" என்றாள்.